மூணாம் பெர்த் கற்கள்

அண்ணா,

இன்று காலை பஸ்ஸைவிட்டு இறங்கிக் கைக்குட்டையால் முகம் துடைத்தேன். சிவப்பாக வந்தது. ராயபுரத்தில் இது புதிதல்ல, இரும்புத்தாது ஏற்றும் நாட்களில் கொடியில் காயும் வேட்டிக்கும் இந்த நிறம்தான். ஆனால் நீ இறந்துபோன பிறகு இந்தத் தூசி படிந்த கைக்குட்டையை உதறாமல் மடித்து வைத்துக்கொள்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கல்லூரி நாலு தகரக் கொட்டகை. ஜியாலஜிக்குப் பிள்ளைகளைச் சேர்த்தாகிவிட்டது, பல்கலைக்கழக அனுமதி மட்டும் வரவில்லை. குழு வந்து பார்த்து மறுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் வீண், தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டரான எனக்கு வேலை போகும். அலமாரி இருந்தது, உள்ளே வைத்துக் காட்டக் கல் இல்லை. சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். ஹார்பரில் தாது ஏற்றிவிட்டு வந்திருந்த நீ, "கல்லுதானேடா? நாள் பூரா அதுலதான் பொரள்றேன். இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினுகீற?" என்றாய்.

மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு, ஹார்பரில் மூணாம் பெர்த்தில் நின்ற கப்பலடியில் சிந்தியதைப் பொறுக்கி வந்தாய். இரும்புத்தாது, கந்தகம், நிலக்கரி. ஒவ்வொன்றிலும் கல்லின் பெயரும் கிடைத்த இடமும் எழுதிச் சீட்டு ஒட்டச் சொன்னேன். நீ உனக்குத் தெரிந்த விதத்தில் எழுதினாய்: 'மூணாம் பெர்த், காலை ஷிப்ட்.' குழு வருகிற அன்றுதான் கவனித்தேன். பாதிச் சீட்டை மாற்றுவதற்குள் கார் வந்துவிட்டது.

குழுவில் மூத்தவர் ஒரு கல்லை எடுத்துச் சீட்டைப் படித்தார். சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நீ கடைசி மூட்டையோடு வாசலில் வந்து நின்றாய், தலைமுதல் கால்வரை சிவப்பாக.

"இவர் யார்?" என்றார்.

"ஹார்பர் ஆள் சார். கல் கொண்டுவந்து போடுவார்" என்றேன்.

சொந்தக்காரன் என்றால் சந்தேகப்படுவார்கள் என்று பயந்ததாகப் பல வருஷம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். உன் கோலத்தைப் பார்த்து வெட்கப்பட்டேன்.

நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஆமா சார். இது பெல்லாரி மாலு, வேகன்ல வருது. கைல எடுத்துப் பாருங்க, இன்னா வெய்ட்டு கீது" என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாய். அவர் குறிப்பெடுத்துக்கொண்டார். அனுமதி உன் பேச்சுக்குக் கிடைத்தது, என் அலமாரிக்கல்ல.

உத்தரவு வரும்வரை தினமும் "லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டாய். உன்னை அண்ணன் என்று நான் ஏன் சொல்லவில்லை என்பதை மட்டும் கேட்கவில்லை. கேட்டுவிடுவாயோ என்று ஒவ்வொரு வேளையும் உன் எதிரில் பயந்துகொண்டே சாப்பிட்டேன். நீ காய்ச்சலில் படுத்தபோதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

இப்போது தகரம் போய் மாடி வந்துவிட்டது, எம்.எஸ்ஸி.யும் வந்துவிட்டது. அட்மிஷன் நாட்களில் பிள்ளைகளுக்குப் பின்னால் யாராவது வேலை உடுப்போடு தயங்கி நிற்பார்கள். நான் எழுந்துபோய் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறேன். இவர் யார் என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்பதில்லை, அண்ணா. என்ன பதில் வருமோ என்று பயமாக இருக்கிறது.