அம்புக்குறி போன வழி

மல்வேர்ன்,
3.5.1996

அன்புள்ள நவரட்ணம்,

சுகம்தானே? முன்பு எட்டாம் வகுப்பில் ஐரோப்பிய யுத்தம் படிப்பிக்கையில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், ஆமி போன ரோட்டிலை வீடுகள் இருக்கேல்லையோ?" அன்றைய பாடம் முழுவதும் வீடுகளைப் பற்றியே பேசினோம்.

இரண்டாம் உலக யுத்தத்து ஜெர்மன் காலாட்படைப் பிரிவு பற்றிய உமது கைப்பிரதியை வாசித்தேன். ஆற்றைக் கடந்தது, பனியில் குலையாமல் பின்வாங்கியது, எல்லாம் தெளிவு. வீடுகள்தான் இல்லை.

பக்கத்து வீட்டு ஹலினா பெலாரஸ்காரி. தேநீர் குடிக்க வந்தவர், உமது கைப்பிரதியின் அட்டையிலுள்ள படைச் சின்னத்தைக் கண்டு கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அந்தச் சின்னம் தீட்டிய லொறிகள் அவருடைய ஊருக்கு வந்தனவாம். முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்டார்களாம். பிறகு ஊராரை வைக்கோல் கொட்டிலில் பூட்டி நெருப்பு வைத்தார்களாம். விறகு பொறுக்கக் காட்டுக்குப் போனதால் இவர் மிஞ்சினார்.

இதை ஓர் அத்தியாயமாக எழுதும். அதுவரை புத்தக வெளியீட்டில் உரையாற்ற என்னை எதிர்பார்க்க வேண்டாம். கேளாமல் நோட்டீசில் என் பெயரை அடித்ததும் சரியில்லை.

அன்புடன்,
நீக்கிலாஸ்

பிக்கரிங்,
9.5.1996

நீக்கிலாஸ் மாஸ்ரருக்கு,

ஒரு கிழவியின் தேநீர்க் கதைக்காக என் இத்தனை வருட உழைப்பைக் குலைக்கச் சொல்கிறீர். நான் எழுதியது படையின் வரலாறு, செத்தவீட்டுப் புலம்பல் அல்ல. ஒழுக்கம் என்றால் என்னவென்று எங்கள் சனம் படிக்கட்டும். மற்றவன் எழுதினால் சிவப்புப் பேனையைத் தூக்காமல் உமக்கு நித்திரை வராது.

நோட்டீஸ் இங்குள்ள தமிழ்க் கடைகளில் ஒட்டியாயிற்று. "எங்கை உங்கடை கூட்டாளி?" என்று மண்டபத்தில் கேட்பார்கள். நான் பல்லிளித்துக்கொண்டு நிற்பதோ? வராவிட்டால் இனி என் வாசற்படி மிதிக்க வேண்டாம். சின்னம் அட்டையில்தான் இருக்கும்.

நவரட்ணம்

மல்வேர்ன்,
14.5.1996

நவரட்ணம்,

வரமாட்டேன். எனக்குச் சுகமில்லை என்று பொய் சொல்லாதேயும். மறுத்துவிட்டான் என்றே சொல்லும்.

போன ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை ஆமி நெருங்க, உமது தங்கச்சி கொக்குவில் வீட்டைப் பூட்டிவிட்டு, சனத்தோடு சனமாக மழையில் நடந்தாள். பத்திரிகையில் வந்த போர் வரைபடத்தைப் பார்த்து என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கத்தினீர்: "உவங்களுக்கு அம்புக்குறி கீறத்தான் தெரியும்! அதுக்குக் கீழை ஆர் இருக்கினம் எண்டு தெரியுமோ?" நான் உமது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீர் சொன்னது முழுச் சரி.

உமது புத்தகத்திலும் வரைபடங்கள் இருக்கின்றன. மெல்லிய தாளில் ஓர் அம்புக்குறியைப் பிரதியெடுத்து, யாழ்ப்பாண வரைபடத்தில் கொக்குவிலுக்கு மேல் வைத்துப் பாரும்.

நீக்கிலாஸ்