தித்தியைக் கேட்கக் கொண்டுபோன பல்

மார்ச் 3, வியாழன்

தித்தி மாமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாள். மயக்கம் கொடுத்துத்தான் எலும்பைச் சேர்க்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள் லம்பாசா ஆஸ்பத்திரியில். பேனாவை வாங்கிவிட்டேன். "நீங்க பெத்த அம்மாவா?" என்றாள் நர்ஸ். இல்லை என்றேன். பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தவெயுனித் தீவில் இருக்கும், அவளைப் பெற்ற உனைசிக்குப் போன் கிடைத்து அவள் சரி சொல்லும்வரை பிள்ளை கத்திக்கொண்டே கிடந்தது.

பால்குடி மறக்காத வயதில் என் மடிக்கு வந்தவள். இப்போது ஆறு வயது. நான் யாராம் அவளுக்கு?

மார்ச் 9, புதன்

கோர்ட்டில் தத்தெடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அபெனிசாவுக்கு இஷ்டமில்லை. "ஊர் முன்னாடி குடுத்த புள்ளைக்குக் கோர்ட்டு எதுக்கு?" என்றார். "அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு ஊரையே கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன். மனுஷன் வக்கீலைப் பார்க்கச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

சட்ட உதவி வக்கீல், இலவசம். போலீஸ் சான்று, டாக்டர் சான்று, உனைசியின் கப்பல் டிக்கெட் எல்லாம் எங்கள் தலையில். பரவாயில்லை.

உனைசி அபெனிசாவுக்குச் சித்தப்பா மகள். எங்களில் அண்ணன் தங்கை முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். அதனால் நான்தான் போனில் சொன்னேன். சிரிக்கிறாள் கழுதை. "அண்ணி, உங்களுக்குக் கோர்ட்டுல பிரசவமா? வெந்நி வைக்க நான் வரணுமா?"

ஏப்ரல் 5, செவ்வாய்

குழந்தை நல அலுவலகத்திலிருந்து சுபாஷ்னி மேடம் வந்தார். கட்டில், கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தார். தித்தியிடம் தனியாகப் பேசினார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கிளம்பும் நேரத்தில், "குழந்தைக்காகப் பெத்தவங்களுக்கு ஏதாவது குடுத்தீங்களா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அபெனிசா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "குடுக்காம? நாங்க என்ன முறை தெரியாதவங்களா? தம்புவா குடுத்தோம் மேடம். எங்கப்பா வச்சிருந்ததுலயே பெரிய திமிங்கிலப் பல்லு! உங்க வீட்டுலகூட அப்படி ஒண்ணு இருக்காது" என்றார். என்ன பெருமை!

மேடம் எழுதிக்கொண்டார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் 8, வெள்ளி

வக்கீல் போன். குழந்தைக்கு ஈடாக எதைக் கொடுத்தாலும் குற்றமாம். விலைக்கு வாங்கினோமா என்று விசாரிப்பார்களாம். அதுவரை தித்தி வேறு இடத்தில் இருக்க வேண்டிவரலாம் என்றார்.

"வேற இடம்னா எங்க?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

அபெனிசாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உங்க வாய்தான், உங்க வாய்தான் என் பிள்ளைக்கு எமன். அவர் தோட்டத்தில் போய் மரவள்ளிக்குக் களை பறிக்க உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 26, செவ்வாய்

வக்கீல் ஒரு வழி சொன்னார். பல்லைத் திருப்பி வாங்கிவிடுங்கள், இப்போது உனைசி வீட்டாரிடம் எதுவுமில்லை என்று எழுதிக் கொடுக்கலாம். அவருக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் முறைப்படி, பல்லை ஏற்றுக்கொண்டால்தான் கேட்டது கிடைத்ததாக அர்த்தம். பல் திரும்பி வந்தால்? "புள்ளைய நானே திருப்பிக் குடுத்தேன்னு ஆயிடும். செத்தாலும் வாங்க மாட்டேன்" என்றார் அபெனிசா. இந்த ஒரு விஷயத்தில் அவரோடு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால்? அது பல்லே இல்லை, கொம்பு, விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிடலாமா? பைபிளில் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன் போலிருக்கிறது. கர்த்தரே.

மே 15, ஞாயிறு

வாசலில் எந்த வண்டி நின்றாலும் தித்தி கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். யார் சொன்னது இவளிடம்?

ஜூலை 21, வியாழன்

கோர்ட். சுபாஷ்னி மேடம் தவெயுனிக்கே போய் உனைசியின் கூடப்பிறந்த அண்ணனையும் ஊர்த்தலைவரையும் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். அது விலை அல்ல, கேட்கும் முறை என்று எழுதியிருந்தார். இந்த அம்மாவையா நான் அத்தனை நாள் சபித்தேன்!

மாஜிஸ்திரேட்டுக்கு அது போதவில்லை. உனைசியையே கேட்டார், பல்லுக்காகவா குழந்தையைக் கொடுத்தாய் என்று.

"பல்லுக்காகவா? ஐயோ, நல்லாக் கேட்டீங்க ஐயா. எங்க வீட்டுக்காரர் கடலோட போயிட்டாரு. எனக்கு மாரு வத்திப்போச்சு. அண்ணிதான் ராத்திரி பகல்னு பாக்காம வச்சிருந்தாங்க. அப்புறம் வந்து கேட்டாங்க. கேக்க வர்றவங்க வெறுங்கையோட வருவாங்களா? பல்லு என் கூடப்பொறந்த அண்ணன் வீட்டுல இருக்கு, வேணும்னா நீங்களே எடுத்துக்குங்க. அவங்ககிட்ட மட்டும் திருப்பிக் குடுக்கச் சொல்லாதீங்க. புள்ளை வீடில்லாமப் போயிடும்."

உத்தரவு எங்களுக்கே ஆனது. அபெனிசா குழந்தையைப் போல் அழுதார்.

அதன்பிறகு மாஜிஸ்திரேட் உனைசியிடம், "இன்னையிலேர்ந்து சட்டப்படி நீங்க இந்தக் குழந்தைக்கு அம்மா இல்லை. புரியுதாம்மா?" என்றார்.

"புரியுது ஐயா."

அந்த நாற்காலியில் இருப்பவர் எதைக் கேட்டாலும் நாங்கள் சொல்லும் பதில் அதுதான். நான் தித்தியின் உச்சந்தலையை முகர்ந்துகொண்டிருந்தேன். உனைசியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

தவெயுனியிலிருந்து வந்திருந்த உனைசி சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்தாள். எப்போதும் அடுக்களை வழியாக நுழைந்து, சட்டியைத் திறந்து, மீன் தலை தனக்கு என்று சொல்லிவிட்டுத்தான் வணக்கமே சொல்வாள். இன்று முன்வாசலில் வந்து, வாசலை ஒட்டிய பாயில், அந்நிய விருந்தாளி உட்காரும் இடத்தில் தலைகுனிந்து உட்கார்ந்தாள்.

"என்னடி வேஷம் இது? உள்ள வா."

"இல்ல அண்ணி. ஐயா சொன்னாருல்ல."

"எந்த ஐயா? ஆஸ்பத்திரிக் கையெழுத்துக்குத்தான்டி அந்த உத்தரவு! உன்னை வாசல்ல உக்காரச் சொல்லியா கேட்டேன்?"

அவள் எழவில்லை. "இனிமே தித்திகிட்ட என்னை அத்தைன்னு கூப்பிடச் சொல்லட்டுமா? அதுதானே முறை?" என்றாள்.

வாயைக் கிழிப்பேன் என்றேன். சட்டியைத் தூக்கி வந்து வாசலிலேயே வைத்தேன். தித்தி அவள் மடியில் ஏறிக்கொண்டாள். மூவரும் அங்கேயே சாப்பிட்டோம். மீன் தலையை நான்தான் அவள் தட்டில் வைக்க வேண்டியிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுக்களைப் பக்கம் பார்த்தபடி நின்றாள்.

"உள்ள வரலாமா அண்ணி?" என்று கேட்டாள்.