பச்சை வெல்வெட் முசல்லா

உம்மா,

உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் இப்போதும் முதலில் மூக்கில் ஏறுவது அந்துருண்டை வாசம்தான். நேற்று அதைத் திறக்க வைத்தவன் பெரியவாப்பாவின் பேரன். வாப்பாவின் அண்ணன் என்ற ஒரே தகுதியில் ஊரையே நடத்தப் பார்த்த அந்த மனிதரின் வாரிசு அல்லவா, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவனிடம் ஒரு மிடுக்கு. குடும்பத்தார் எல்லோரும் மண்டபம் பிடித்து ஒன்றுகூடப் போகிறார்களாம். முன்னோர் பெருமைக்கென்று தனியாக ஒரு மேசை போடுகிறார்களாம்.

"மாமி, எங்க பெரியவரு தொழுத பச்சை முசல்லா ஒங்க கிட்டத்தான கெடக்கு? ஃப்ரேம் போட்டு வைக்கணும்" என்றான்.

உன் தொழுகை விரிப்பு எப்போது அவர் சொத்தானது என்று கேட்க வாய்வரை வந்தது. பெட்டியின் அடியிலிருந்து அதை உருவியபோது இற்றுப்போன அடித்துணி ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்துகொண்டது. அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்தக் கிழிசலுக்குள் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன் உன்மேல் எனக்கிருந்த பழைய கோபத்தைச் சொல்லிவிட வேண்டும்.

நயா பைசா புதிதாக வந்திருந்த காலம் அது. நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். அந்த விடுமுறை முழுக்க வாரத்துக்கு ஒருநாள் என்னை நீ வெளியே அழைத்துப் போனாய். கூண்டு வண்டிக்கு முன்னும் பின்னும் திரை கட்டியிருக்கும். நீ வெள்ளைத் துப்பட்டியால் தலை முதல் கால்வரை போர்த்தியிருப்பாய். தூக்குவாளியில் கூட்டாஞ்சோறு இருக்கும். இலஞ்சியில் தென்னந்தோப்பு, பண்பொழியில் குளக்கரை, ஐந்தருவியில் தண்ணீரே இல்லாத மொட்டைப் பாறை. வெறும் பாறையைப் பார்க்க வண்டி கட்டுகிறவள் நீ ஒருத்திதான் என்று தெருவே சிரித்தது. அந்தத் தெருப் பெண்களில் ஒருத்தியாவது தன் வீட்டு வாசலைத் தாண்டியிருந்தால் அந்தச் சிரிப்பை மதித்திருப்பேன்.

மற்ற நாட்களில், மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு மாலை அஸர் தொழுகை வரைக்கும் நீ ஊசியோடு உட்காருவாய். உன் கல்யாணச் சீராக வந்த பச்சை வெல்வெட்டில் முசல்லா தைத்துக்கொண்டிருந்தாய். எல்லோரும் அதில் வளைவும் மினாராவும் வைப்பார்கள். நீ மலையை வைத்தாய். திரை இடுக்கில் பார்த்துவந்த முகட்டைச் சாக்கட்டியால் கோடு போட்டு, கறுப்பும் நீலமுமாகப் பட்டுநூலில் நிரப்பினாய். வராத அருவிக்கு முன்கூட்டியே வெள்ளை நூலில் இடம் போட்டாய். பாறைமேல் ஒரு குரங்கு வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன்.

"தொழுத எடத்துல உசுருள்ளது ஆவாதுட்டி" என்றாய். அதில் மட்டும் நீ இம்மியும் அசையவில்லை.

பெரியவாப்பா ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். மார்க்கத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்தவர் செய்யும் தப்புகள்தான். சோற்றில் கை வைக்காமலே ஆரம்பித்தார்.

"ஏலே, ஒம் பொண்டாட்டி மலையையா கும்பிடுதா?"

வாப்பா வழக்கம்போல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பேச வேண்டிய நேரங்களில் எல்லாம் அவருடைய கண்ணாடி அழுக்காகிவிடும். நீதான் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னாய்.

"நமக்கும் கஃபாவுக்கும் நடுவுல அல்லா இந்த மலையத்தான வச்சிருக்கான் மச்சான்."

உண்மைதானே. தென்காசியில் நம் வீட்டுக்கு மேற்கே மலை. தொழும் திசையான கிப்லாவும் மேற்கே. சன்னலைத் திறந்து தொழுதால் மலைதான் எதிரே நிற்கும். பதில் கிடைக்காதவர்களுக்கு வருமே, அந்தக் கோபம் அவருக்கு வந்தது. அடுத்த வெள்ளிக்குள் நூலையெல்லாம் உருவிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார்.

அந்த வாரமே சாரல் இறங்கியது. இரண்டு வீட்டாரும் மூன்று வண்டியில் குற்றாலம் போனோம். மேகம் மூடி, வெயில் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அஸர் நேரம் வந்ததும் பெரியவாப்பா தோளைக் குலுக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார். பின்னால் வாப்பாவும் மற்ற ஆண்களும். பிறந்ததிலிருந்து மலையைப் பார்த்தே தொழுது பழகியவர் அங்கேயும் நேராக மலையைப் பார்த்துத் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார். அருவிக்கரையில் மலை தெற்கே அல்லவா நிற்கிறது. மலையைக் கும்பிடுகிறாயா என்று உன்னைக் கேட்ட மனுஷன், கிப்லாவை விட்டுவிட்டு மலைக்கு நேரே ஒரு வரிசை ஆண்களையும் திருப்பி நிறுத்திவிட்டார்.

நீ வண்டி மறைவில் உன் முசல்லாவை வேறு பக்கமாக விரித்தாய். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"இந்த ஆறு எங்க போவுது? நம்ம ஊருக்கு. ஊரு கெழக்க. அப்ப மேக்கு எது?" என்றாய்.

அந்த நிமிஷம் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா. முசல்லா பிழைத்தது என்றே நினைத்தேன். எல்லோர் முன்னாலும் நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் அதற்குப் பிறகு உன்னைப் பற்றி வாய் திறக்க முடியாது. நான் சொல்ல ஓடினேன். நீ என் சடையைப் பிடித்து நிறுத்தினாய்.

"தெரியாமத் திரும்பினவன அல்லா ஏத்துக்கிடுவான். நீ யாரு இடையில?"

நீ அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. வீடு வந்ததும் முசல்லாவை என் மடியில் போட்டாய். "உருவு. நூல அறுத்துராத, நீளமா உருவு" என்றாய். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து உன் மலையை உருவினேன். நீ அந்த நூலை அட்டையில் சுற்றி வைத்துக்கொண்டாய். சிக்கனமும் சேர்ந்துகொண்டது என்று மனசுக்குள் இகழ்ந்தேன். ஆமாம் உம்மா, இகழ்ந்தேன். பெரியவாப்பாவைக்கூட அப்படி இகழ்ந்ததில்லை. அவர் மூடர். நீ எல்லாம் தெரிந்திருந்தும் அடங்கிப்போனவள்.

இரண்டு வாரத்தில் வேறு அடித்துணி வைத்து முசல்லாவைத் தைத்து முடித்தாய். பெரியவாப்பாவுக்கு அதன் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. பிறகு ஏழெட்டு வருஷம், வெள்ளிக்கிழமைச் சாப்பாடு முடிந்து நம் வீட்டிலேயே அஸர் தொழுவார். அதைத்தான் கேட்டு வாங்குவார்.

"எந்த முசல்லாவும் இப்படி மெத்துன்னு இல்ல" என்பார்.

"ஆமா மச்சான்" என்பாய். நீயே எடுத்துக் கொடுப்பாய். துப்பட்டியை வாய்வரை இழுத்துக்கொண்டு சிரிப்பாய். அந்தச் சிரிப்பை அடிமைச் சிரிப்பு என்று நினைத்தேன். நீ மௌத்தாகி, நான் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று பிரிந்த தையலுக்குள் பார்த்தது இதுதான். வெல்வெட்டுக்கும் அடித்துணிக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு துணி இருக்கிறது. உன் பழைய துப்பட்டியிலிருந்து வெட்டியது. அதில் முழு மலையும் இருக்கிறது, நான் உருவிய அதே நூலில், அங்கங்கே முடிச்சுப் போட்டு. அருவியும் இருக்கிறது, நாம் அன்றைக்குப் பார்த்த அளவுக்கு அகலமாக. குரங்கு மட்டும் இல்லை. யாரும் பார்க்காத இடத்திலும் நீ அதை வைக்கவில்லை.

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன் உம்மா. ஏழெட்டு வருஷம் வாரம் தவறாமல் அந்த மனிதரின் நெற்றி உன் மலைமேல் பட்டிருக்கிறது. எவ்வளவு மெத்தென்று இருந்திருக்கும்.

"என்ன மாமி சிரிக்கிய? தருவியள்ல?" என்று கேட்டான் பேரன்.

"தர முடியாது" என்றேன்.

"ஏன்?"

"அதுல நான் தொழணும்."

அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். டீயைக்கூடக் குடிக்கவில்லை. மேசையில் வைக்க அந்த வம்சத்தில் வேறு எதுவும் இல்லை போலும்.

கிழிசலை நானே தைத்தேன். இன்று அஸருக்கு அதை விரித்தேன். எத்தனையோ தடவை அதில் தொழுதிருக்கிறேன். நெற்றியில் எதுவோ நெருடும்போதெல்லாம் உம்மாவுக்கு ஒழுங்காகத் தைக்கத் தெரியவில்லை என்று நினைத்திருக்கிறேன். இன்று ஒவ்வொரு முடிச்சும் எது என்று தெரிந்தது. எழுந்திருக்க மனமில்லாமல், நெற்றி அதில் பதிந்தபடி ஸஜ்தாவிலேயே வெகுநேரம் கிடந்தேன்.