மூன்று நிமிட வரலாறு

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். உன் முட்டிவலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பொதுமக்களுக்கு மூன்றே நிமிடத்தில் சொல்லும் கூத்து நேற்று இங்கே நடந்தது. பஞ்சத்தை ஆராய்கிறவன் அதைப் பாட்டாக்கி ஆடியே காட்டினான். எங்களைத் தயார்செய்ய வந்த பயிற்சியாளருக்கு வரலாற்றைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது தூக்கம் வரவழைக்கும் என்பதுதான். நூறு வருடத்துக்கு முன் ஒரு நூற்பாலையில், தாய்மார்கள் பால் கொடுக்கப் போய்வந்த நேரத்தைக் குறித்த பதிவேட்டோடு இரண்டு வருடம் கிடந்தவள் நான். அவரோ, "செத்தவங்க கதை யாருக்கும்மா வேணும்? உன் குழந்தை போட்டோவைப் போடு, ஜனம் உருகிடும்" என்றார்.

அந்த ஆளை மனதுக்குள் திட்டிக்கொண்டே போட்டேன், அம்மா. நீ அனுப்பிய, பாப்பா கரண்டியோடு சிரிக்கிற படம். கூட்டம் உச்சுக்கொட்டியது. முதல் பரிசு எனக்குத்தான். இப்போது அவரைவிட என்னைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

பாப்பாவின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு, செருப்பு வாங்க வேண்டும். அவள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றையும் சேர்த்து வை. துவைக்க வேண்டாம்.

இன்று காவலாளி முதல் துறைத்தலைவர் வரை, "பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டார்கள். ஆலைப் பெண்களைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. "நல்லா இருக்கா" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். அவளுக்கு இருமல் என்று நீ எழுதி மூன்று வாரமாகிறது. சீக்கிரம் பதில் எழுது.