மேசைக்குக் கீழை

12.03.1998, வியாழன். வெள்ளவத்தை லொட்ஜ்.

ரெண்டு மாதம் பயணப் பாஸுக்கு அலைஞ்சு, வன்னியிலையிருந்து மகளைக் கொழும்புக்குக் கொண்டுவந்து, இண்டைக்குத்தான் டொக்டரம்மாவுக்குக் காட்டினன். யாழினிக்கு ஆறு வயசு. டொக்டர் பின்னாலை நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டா. பிள்ளை திரும்பேல்லை. கை தட்டினா. அதுக்கும் இல்லை.

அந்த நேரம் வெளியிலை ஆரோ கதவை அடிச்சுச் சாத்தினாங்கள். யாழினி மேசைக்குக் கீழை குப்புறப் படுத்திட்டாள், ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு. பாத்தால், பக்கத்திலை நானும் படுத்திருக்கிறன். டொக்டர் மட்டும் நிண்டா.

"காது நல்லாக் கேக்குது. இது ஓட்டிசம், மூளை வளருற விதம் வேறை. பழக்கினால் பழகுவாள், கிழமைக்கு ரெண்டு தரம் கூட்டிக்கொண்டு வாங்கோ."

பாஸ் ஞாயிறோடை முடியுது எண்டன். அங்கை பழக்க ஆரும் இல்லையோ எண்டா. இல்லை.

"அப்ப இப்பிடிப் படுக்க ஆர் பழக்கினது?"

நான்தான். ஷெல்லடிக்குப் பயந்து, ஒவ்வொரு நாளும் கூடப் படுத்துப் படுத்துக் காட்டினனான்.

டொக்டர் ஒரு கொப்பியிலை எழுதித் தந்தா. முதலாவது பாடம்: பேர் சொல்லிக் கூப்பிட்டு, நீங்களே திரும்பிக் காட்டுங்கோ.

இப்ப ஒருக்காச் செய்து பாத்தன். யாழினி எண்டு கூப்பிட்டு நான் திரும்பினன். அவள் மேலை சுத்துற ஃபானைப் பாத்துக்கொண்டிருக்கிறாள்.