ஸ்டிக்கர் ஒட்டாத துணி

அருள்புரம்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் அன்புசெல்விக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீ சுகமா என்று வழக்கம்போல் கேட்க இந்தத் தடவை மனசு வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டுவிட்டேனே. அதற்கப்புறம் எத்தனை தடவை அழைத்தும் நீ எடுக்கவில்லை, பிஸிம்மா என்று மெசேஜில் ஒரு வார்த்தை மட்டும் வருகிறது. அதனால்தான் துணிப் பார்சலுக்குள்ளேயே இந்தக் கடிதத்தை வைக்கிறேன், காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார். எட்டு நாளில் தைவான் போய்விடும் என்று கூரியர்காரர் சொன்னார். படிப்பை விட்டுவிடுகிறேன் என்று ஒரு படிவம் நிரப்பி வைத்திருக்கிறாயே, அதை இருபதாம் தேதி உன் ஆராய்ச்சி கைடிடம் கொடுப்பதாகச் சொன்னாய். அதற்கு முன்னால் இதைப் பிரித்துவிடு கண்ணு.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்தவரைக்கும் எழுதுகிறேன், தப்பிருந்தால் சிரித்துக்கொள். துணி பின்னுகிற நிட்டிங் மிஷின் மேல் உட்காருகிற மாதிரி கேமராவும் சிப்பும் வைத்து ஒரு சின்னப் பலகை செய்திருக்கிறாய், துணி இறங்கும்போதே ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க்கறை எல்லாவற்றையும் அது கண்டுபிடிக்க வேண்டும். நான் கொடுத்தனுப்பிய பழுது பீஸ்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழைப் பிடித்த அது, போன மாதம் அங்கே ஒரு மில்லுக்குக் கொண்டுபோனதும், விரல் நுழைகிற ஓட்டை போனபோதுகூட வாயைத் திறக்கவில்லை. மூன்று வருஷமாக இதற்கு என்னதான் கற்றுக்கொடுத்தாய் என்று கைடு எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். எனக்கு இந்தப் படிப்புக்கு மூளை பத்தாதும்மா என்று நீ அழுதாய். அப்பா பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, "புள்ளைய வரச் சொல்லிரு, அங்க கெடந்து எதுக்குக் கண்ணு கசக்கோணும்" என்றார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் கூடவே ஒரு கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது. மூளை பத்தாதவள் செய்த மிஷின் தொண்ணூற்றேழை எப்படிப் பிடித்தது? பிடிக்கத் தெரிந்தது அங்கே போய் ஏன் குருடானது? கம்பெனி பஸ்ஸிலும் இதே யோசனை, செக்கிங் டேபிளில் துணியில் பழுது தேடும்போதும் இதே யோசனை, சோறு வெந்ததா என்று பார்க்க மறந்து இரண்டு நாள் குழைந்த சோறு தின்றோம்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் மறு செக்கிங்குக்கு ஒரு கட்டு வந்தது. ஏற்கனவே யாரோ பழுதைக் கண்டு அந்த இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, அதை மறுபடி உரித்தும் எடுத்திருந்தார்கள். நான் உன் நினைப்பில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி துணியைத் தடவிக்கொண்டே போகிறேன், கை ஒரு இடத்தில் தானாக நின்றுவிட்டது. பார்த்தால் அங்கே ஓட்டை. எதிரில் நிற்கிற ராமாயி, சிவகங்கைப் பக்கத்துக்காரி, உனக்குத் தெரியுமே, அவள் கேட்டாள்: "ஏக்கா, நீங்க துணியப் பாக்கவே இல்லையே, கை மட்டும் எப்பிடி நின்னுச்சு?" அட கோந்துடி என்றேன். ஸ்டிக்கரை உரித்தாலும் கோந்து துளி நிற்கும், பஞ்சு தூசி அதில் ஒட்டிக்கொள்ளும், விரலுக்கு நெருடும். சொல்லி முடிக்கவில்லை, உனக்குக் கொடுத்த பீஸ்கள் ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ லீவுக்கு வந்தபோது சூப்பர்வைசர் பூபாலனிடம் சொல்லி நானூறு பழுது பீஸ் வாங்கி வந்தேன் அல்லவா, அத்தனையிலும் பழுது இருக்கிற இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டியே கொடுத்தேன். பத்தொன்பது வருஷத்துக் கை, பழுதைக் கண்டால் அது ஒட்டாமல் இருக்காது. நீ ஊட்டுக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்தாய், உன் நகமெல்லாம் கோந்து. நல்ல துணி நானூறு கொடுத்தேனே, அதில் ஒன்றில்கூட நான் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. மிஷினுக்கு நாம் எதைக் காட்டுகிறோமோ அதைத்தான் கற்றுக்கொள்ளும் என்று நீதான் அன்றைக்குச் சொன்னாய். அப்படியானால் அது கற்றுக்கொண்டது ஓட்டையையா, என் கோந்தையா? மில்லில் அப்போதுதான் இறங்குகிற துணியில் கோந்து ஏது?

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் நல்ல பீஸ் மூன்றை எடுத்து ஸ்டிக்கர் ஒட்டி உரித்து, இஸ்திரி போட்டு, அப்பாவைப் பக்கவாட்டில் டார்ச் அடிக்கச் சொன்னேன், உன் கேமராவுக்கு நீ சாய்வாக லைட் வைப்பதாகச் சொல்வாயே அதற்காக. மூன்றிலும் பொட்டு மாதிரி ஒரு திட்டு தெரிந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்துவிட்டு, வரச் சொல்ல வேண்டாம், முதலில் இதை அனுப்பு என்றார்.

பார்சலில் பச்சை நூல் கட்டியது பழுது பீஸ், ஸ்டிக்கர் தொட்டதே இல்லை, எங்கே பழுது என்று ஓரத்திலிருந்து அளந்து நோட்டில் எழுதியிருக்கிறேன். வெள்ளை நூல் கட்டியது சுத்தமான துணி, ஆனால் ஒட்டி உரித்தது. முதலில் வெள்ளைக் கட்டைக் காட்டு. அதைப் பழுது என்று உன் மிஷின் சொன்னால் அதற்கு ஒரு குறையும் இல்லை, அம்மா காட்டியதைக் கச்சிதமாகப் படித்திருக்கிறது. அது பிடிக்காமல் விட்ட நூற்றுக்கு மூன்றையும் எடுத்துப் பார், நான் ஸ்டிக்கர் ஒட்ட மறந்த பீஸாக இருக்குமோ என்று எனக்கு ஒரே ஆவல். நான் நினைத்தது தப்பாகவும் இருக்கலாம், எதுவானாலும் பார்த்தவுடன் போன் பண்ணு, பாதி ராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

"உங்க மக மிஷின் வந்தா நமக்கு வேலை இருக்குமாக்கா" என்று ராமாயி கேட்டாள். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை, அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் நான் பார்க்கிற ஓட்டையை ஒரு சிப்பு எப்படிப் பார்க்கும் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

வேறு சேதி ஒன்றும் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனால் டீக்கடையில் ரகசியமாக என்ன நடக்கிறது என்று நான் கேட்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, பருப்புப் பொடி துணிக்கு நடுவில் இருக்கிறது, துணியில் கொட்டிவிடாதே, அப்புறம் உன் மிஷின் பருப்பையும் படித்துக்கொள்ளும்.

இதற்கப்புறமும் வரத்தான் வேண்டுமென்றால் வா, இது உன் ஊடு, யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். ஆனால் மூளை பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டு வராதே, அது பொய். உன் ஆராய்ச்சிப் புத்தகத்தில் நன்றி சொல்கிற பக்கத்தில் என் பெயரைப் போடுவேன் என்றாயே, அங்கே வேண்டாம். தப்பு எங்கிருந்து வந்தது என்று எழுதுகிற பக்கத்தில் போடு, செக்கர் சித்ரகலா ஒட்டிய ஸ்டிக்கர் என்று. அதற்காகவாவது அந்தப் பக்கத்தை எழுதிவிடு கண்ணு.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமியிடம் கேட்கிற,
உன் அம்மா
வெ. சித்ரகலா

மறக்காதே: வெள்ளைக் கட்டுதான் முதலில்.