ஜெரோம் திருப்பித் தந்த டி-ஷர்ட்

சனி, இரவு.

மூலக்குளத்து அறையில் ஒத்திகை நடக்கும்போது ஜெரோம் வந்தான். தொண்டை கிழியக் கத்திப் பாடும் எங்கள் மெட்டல்கோர் பேண்டின் டி-ஷர்ட்டை முதன்முதலில் வாங்கியவன். அதையே துவைத்து மடித்து என் கையில் கொடுத்தான்.

"நீ கத்துனப்ப எனக்கும் சேத்துக் கத்துற மாதிரி இருந்துச்சு. புதுப் பாட்டுல கல்யாணக் கச்சேரி மாதிரி பாடற. எனக்கு வேணாம்டா. என் தங்கச்சிதான் அதையே திரும்பத் திரும்பக் கேக்குறா."

அதையும் குற்றம் போலத்தான் சொன்னான்.

ஏழு வருடம் கத்தினேன். அம்மாவுக்கு ஒரு வரி புரிந்ததில்லை. இந்தப் பாட்டு அப்பாவைப் பற்றியது. அவளுக்குப் புரியட்டும் என்றுதான் கத்தாமல் பாடினேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அடுத்த கச்சேரியில் இந்த டி-ஷர்ட்டில்தான் அதைப் பாடுவேன். இப்போதே போட்டுப் பார்த்தேன். கழுத்து தொளதொளவென்று கிடக்கிறது. எங்கள் கச்சேரிகளின் முன்வரிசைத் தள்ளுமுள்ளில் அவன் மேல் இழுபட்டே இப்படி ஆகியிருக்கிறது.

வரட்டும் அவன். கடைசி வரிசையில் நின்றாவது கேட்கட்டும்.